ஓட்டம் என்பார்கள், நீங்கள் நடங்கள்!

மாசி மாதம் சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, இடுப்பில் துணிப்பை என்று ஆயிரக்கணக்கான பேர் 'கோவிந்தா... கோபாலா!' என்று கூவிக்கொண்டு போவார்கள். போவது சிவன் கோவிலுக்கு! குழம்ப வேண்டாம். இதுதான் சிவாலய ஓட்டம்.

கதை இது. புருஷாமிருகம் என்று ஒரு முரட்டு சிவபக்தர். சிவன் பெயரைத் தவிர வேறு பெயர் காதில் விழுந்தால் ஆகாது. அவரிடம் பால் வாங்கி வர பீமனை அனுப்புகிறார் கிருஷ்ணர், கையில் பன்னிரண்டு ருத்ராட்சத்தோடு. பீமன் கோவிந்தா என்று கத்த, அவர் துரத்த, இவன் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போட, அது லிங்கமாகிவிட, அவர் நின்று பூஜை செய்ய, அந்த கேப்பில் இவன் ஓட... பன்னிரண்டு ருத்ராட்சம், பன்னிரண்டு கோவில். விசிறி, ஓடி வந்தவர் சுவாமிக்கு வீசுவதற்கு.

முஞ்சிறை திருமலையில் ஆரம்பம். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடிவு. எல்லாமே பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள். (அசல் நாஞ்சில் நாடு என்பது கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்காடு. அதை இங்கே வந்து மாற்றிச் சொன்னால் இரண்டு தரப்பும் கோபித்துக்கொள்ளும்.)

மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? ஒருத்தர் எண்பது என்கிறார், ஒருத்தர் நூறு, இன்னொருத்தர் நூற்றுப்பதினெட்டு. பி.காம். படித்தவனுக்கு டாலி ஆகாத கணக்கு வயிற்றைக் கலக்கும். விஷயம் இதுதான்: யார் எந்தக் குறுக்கு வழியில் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது. நூறு என்று வைத்துக்கொண்டு உடம்பைத் தயார் செய்யுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்தவர்களுக்கு முழு நூறு முதல் தடவையிலேயே வேண்டாம். திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை வழியாகப் பொன்மனை வரை போதும். இரண்டு துண்டும் ஏழெட்டு கிலோமீட்டர். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குலசேகரத்துக்கு பஸ் உண்டு. அங்கிருந்து திற்பரப்பு கிட்டத்தில்தான். முஞ்சிறையில் கிளம்பிய கூட்டம் நடு ராத்திரி வாக்கில் இங்கே வந்து சேரும். அதோடு கலந்துவிடுங்கள்.

பாதை எப்படி? காடும் இல்லை, மலையேற்றமும் இல்லை. ஏறி இறங்கும் தார் ரோடு, இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். சிரமமே அந்தத் தார்தான். வெறுங்காலில் முதல் இரண்டு கிலோமீட்டர் வீரம். அப்புறம் ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியாகத் தெரியும். ஓரத்து மண்ணில் நடக்கலாம் என்றால், ரப்பர் மரங்கள் இந்தப் பருவத்தில் இலையைக் கொட்டியிருக்கும். சருகுக்குக் கீழே கல்லா குழியா என்று தெரியாது. சிவராத்திரி அமாவாசையை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சத்தை நம்பவே கூடாது. டார்ச் கட்டாயம்.

இன்னொரு சங்கதியை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு கோவிலிலும் குளித்து ஈர வேட்டியோடு கும்பிட்டுவிட்டு அப்படியே நடக்க வேண்டும். திற்பரப்பில் கோதையாற்றில் முங்கி எழுந்தால் சுகமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது கிலோமீட்டரில் தொடை உரச ஆரம்பிக்கும். முப்பது வருஷமாக ஓடுகிற ஒரு பெரியவர் என் நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "மக்ளே, சாமிக்கு எண்ணெய் கொண்டு வந்தியல்லா? கொஞ்சம் ஒனக்கும் தேச்சுக்க!" அந்தத் தேங்காய் எண்ணெய்தான் என்னைப் பொன்மனை சேர்த்தது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. வழி நெடுக வீட்டு வாசலில் சுக்குக் காப்பி, பானகம், மோர், கஞ்சி, அவித்த மரச்சீனிக் கிழங்கு. காசு நீட்டினால் முறைப்பார்கள். ஆனால் கொடுப்பதையெல்லாம் குடித்தால் நடக்க முடியாது. அரை டம்ளர் கேளுங்கள்.

திருநந்திக்கரையில் எல்லோரும் மகாதேவரைக் கும்பிட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். பக்கத்திலேயே பாறையைக் குடைந்த குகைக்கோவில். வட்டெழுத்துக் கல்வெட்டு, அழிந்தது போக மிச்சமிருக்கிற ஓவியத் தடயங்கள். ராத்திரியில் ஒன்றும் தெரியாது. இதற்கென்று இன்னொரு நாள் பகலில் வருவது நல்லது.

உண்மையான ஆபத்து பைக். இப்போது பாதிப் பேர் 'ஓட்டம்' என்பதை வண்டி ஓட்டம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முட்டி வலிக்காரர், வயசாளி காரிலோ வேனிலோ போகட்டும். யார் வேண்டாம் என்றார்கள்? இருபது வயசுப் பையன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி, குறுகிய ரோட்டில் நடப்பவர்களைச் சருகுக்குள் தள்ளுவதற்கு எந்தப் புராணத்தில் இடம்? முன்னெல்லாம் தோட்டத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் போவோம், இப்போது வேலி போட்டாச்சு என்றார் பெரியவர். ஆக நடப்பவனுக்கும் பைக்குக்கும் ஒரே ரோடு. வண்டி எதிரே வரும்படி வலது ஓரமாக நடங்கள். வெள்ளைத் துண்டைத் தோளில் போடுங்கள். செல்போனை உள்ளே வையுங்கள்.

விடியும்போது பொன்மனையில் இருந்தால் கணக்குச் சரி. கால் இன்னும் சொன்னபடி கேட்டால் பன்னிப்பாகம், கல்குளம் வரை போகலாம். பத்து மணி வெயிலில் தார் அடுப்பாகிவிடும். அதற்குள் கல்குளத்தைப் பிடியுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை ஊர்தான் அது. தக்கலை பக்கம்தான், பஸ் கிடைக்கும்.

லீவு விஷயம். சிவராத்திரிக்கு இந்த மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். வெளியூர்க்காரர்கள் மேனேஜரிடம் ஒரு நாள் கூடுதலாகவே கேளுங்கள். ஆபீஸ் மாடியில் இருந்தால் இரண்டு நாள். ஏறிவிடலாம் ஸார், இறங்குவதுதான் பாடு!