பொட்டு ஒட்டிய பொத்தான்

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "ஏய்யா, கெழக்க இருட்டிக்கிட்டு வருது. டிவியில படம் கட்டங்கட்டமா ஒடையுது. நான் போயி வெறகை அள்ளி உள்ள போட்டுட்டு வாரேன்." அதற்குப் பிறகு பத்து நிமிடம் கழித்துத்தான் எங்கள் வாசலில் தூறல் விழுந்ததாம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் சாலையிலிருந்து பிரிந்து போனால் எங்கள் ஊர். சுற்றிலும் கரிசல் காடு. கிணற்றுப் பாசனம் சொற்பம். மானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் விதைக்கிறோம். வருஷம் முழுக்கக் காத்திருந்து பெறுகிற அந்த மழை வரும்போதுதான் எங்கள் வீட்டு டிஷ் கண்ணை மூடிக்கொள்ளும்.

போன வருஷம் செட்டாப் பாக்ஸ் பழுதானது. மறுபடியும் டிஷ்ஷா, கேபிளுக்கு மாறுவதா என்ற கேள்வி வந்தது. சின்னக் கேள்விதான். ஆனால் தனியாக இருக்கிற ஒரு வயதான மனுஷிக்கு அது நாளில் ஏழெட்டு மணி நேரத்தின் கேள்வி. முதல் தடவை அந்த முடிவை மதுரையில் உட்கார்ந்து நானே எடுத்தேன். இரண்டாம் தடவை அம்மா எடுத்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக்குத் தொலைக்காட்சி கடல் தாண்டி வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தூர்தர்ஷன் தொடங்கிவிட்டாலும், அதன் அலை தெற்குச் சீமைக்கு எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தது. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்த அந்த அலையைப் பிடிக்க, வசதியுள்ள வீடுகளில் உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்தார்கள். "இப்பத் தெரியுதா?" என்று மாடியிலிருந்து ஒருவர் கேட்பதும், "இன்னும் கொஞ்சம் திருப்புங்கண்ணே" என்று கீழிருந்து கத்துவதும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆன்டெனாவெல்லாம் தென்கிழக்கு நோக்கி நின்றன. பின்னாளில் எங்கள் வீட்டு டிஷ் பார்த்த திசையும் ஏறக்குறைய அதுதான். திசை மாறவில்லை, அலை வருகிற இடம்தான் மலை உச்சியிலிருந்து வானத்துக்கு ஏறிவிட்டது.

பிறகு தூர்தர்ஷனின் கொடைக்கானல் கோபுரம் வந்தது. பஞ்சாயத்து டிவி வந்தது. 1993-இல் சன் டிவி தொடங்கியதும் தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் ஓடியது. 2006-இல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிதான் எங்கள் வீட்டின் முதல் டிவி. ஊரில் அதைக் கலைஞர் டிவி என்பார்கள். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அம்மாவும் அப்போது கட்டை அடுக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

வேலையை விட்ட பிறகு, அம்மா ஓய்வாகப் பார்க்கட்டுமே என்று நான் டிஷ் வாங்கிக் கொடுத்தேன். படம் துல்லியமாக இருக்கும், தெருவில் மின்சாரம் போனாலும் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஓடும், விருப்பமானதைப் பதிந்து வைத்துப் பார்க்கலாம் என்று மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். மூன்றும் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் எங்கள் மண்ணையும் மழையையும் நான் சேர்க்கவில்லை.

மழையைச் சொல்கிறேன். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வீட்டு டிஷ்ஷுக்கு வரும் டி.டி.எச். அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழையில் துளிகள் அதைக் குடித்துவிடும், சிதறடித்துவிடும். அவ்வளவு தூரம் நல்லபடியாக வந்த அலை, கடைசி நான்கைந்து கிலோமீட்டரில் மழைக்குள் தொலைந்துபோகிறது. டிஷ் தென்கிழக்கே பார்த்ததால், அந்தப் பக்கத்து ஊர்க்காட்டில் மழை இறங்கினாலே எங்கள் வீட்டில் படம் உடையும். அம்மா அதையே மழைக்குறியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

மண் செய்தது இதைவிடப் பெரிது. டிஷ்ஷை முற்றத்தில் ஒரு குழாய் நட்டு மாட்டியிருந்தார்கள். கரிசல் மண் கோடையில் வாய் பிளக்கும். கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை பெய்தால் அதே மண் உப்பி வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். வீட்டுச் சுவரையே கீறிவிடுகிற மண் ஒற்றைக் குழாயை விட்டுவைக்குமா? சித்திரையில் குழாய் ஒரு விரற்கடை சாய்ந்தது, படம் போனது. பூமியில் ஒரு டிகிரி சாய்வு என்பது 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் 600 கிலோமீட்டருக்கும் மேல். போதாததற்கு மயில்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் செயற்கைக்கோள் நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு அருகில் நிற்கிறது. தில்லியில் ஓரளவு நிமிர்ந்து நிற்கிற டிஷ் இங்கே மல்லாந்தாற்போல் சாய்ந்திருக்கும். காட்டிலிருந்து வருகிற மயிலுக்கு அது ஏறி நிற்கத் தோதான இடம். கரிசலில் டிஷ் வைப்பவர்கள் காரை வீட்டு மொட்டை மாடியில், கான்கிரீட்டில் போல்ட் அடித்துத்தான் வைக்க வேண்டும். மண்ணில் நடக் கூடாது.

கோளாறு வானத்திலேயும் வரலாம். 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டு அதன் திறன் பாதியானது. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் ஒளிபரப்பை மீசாட் 3 என்ற மலேசியச் செயற்கைக்கோளுக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் வீடுவீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியிருந்தது. பெட்டியில் பழுதில்லை, வீட்டில் பழுதில்லை, ஆனாலும் திருப்பிவைக்க ஓர் ஆள் மாடி ஏற வேண்டும்.

கேபிளுக்கும் இப்படிப் பலவீனங்கள் உண்டு. கண்ணாடி இழை ஊர் எல்லை வரை வருகிறது. அங்கே நோடு என்கிற பெட்டி; அதிலிருந்து ஒயர், நடுநடுவே ஆம்ப்ளிஃபயர். அதில் எந்த இடத்தில் மின்சாரம் நின்றாலும் அதற்குப் பிறகுள்ள வீடுகளுக்குப் படம் கிடையாது. நம் வீட்டு இன்வெர்ட்டர் அப்போது உதவாது. மக்காச்சோளக் கட்டு ஏற்றி வரும் டிராக்டர் ஒயரை அறுத்துக்கொண்டு போவதுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், எங்கள் ஊரில் டிஷ்ஷும் போனது, கேபிளும் போனது, மின்சாரமும் போனது. பெருமழைக்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் மறுநாளில் இருக்கிறது.

கட்டணத்தில் முன்பிருந்த வித்தியாசமும் குறைந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த முறையில், கேபிளானாலும் டி.டி.எச். ஆனாலும் அடிப்படை நூறு சானலுக்கு உச்சவரம்பு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று ஆனது. கட்டணச் சானல்களைத் தனித்தனியாகவோ தொகுப்பாகவோ தேர்ந்து பணம் கட்ட வேண்டும். விதிகள் அதற்குப் பிறகும் மாறியிருக்கின்றன. ஆனால் விலையை மட்டும் வைத்து முடிவெடுக்கிற காலம் அத்தோடு போய்விட்டது. மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அம்மா பார்க்கிற நாடகங்கள் அதில் வராது.

பதிவுக்கு வருகிறேன். டாடா ஸ்கை பிளஸ் என்ற பதிவுப் பெட்டி 2008-இல் வந்தபோது, நேரலையையே நிறுத்தி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். பட்டணத்துக்காரர்களின் வசதி என்று அப்போது நினைத்தேன். அம்மா கையில் அது வந்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. களைவெட்டுக் காலத்தில் காட்டுக்குப் போய் வந்து, குளித்து, சோறு வடித்து, ராத்திரி எட்டு மணிக்கு மத்தியான நாடகத்தைப் பார்ப்பாள். வேலை நேரத்தை முதலாளியும் மழையும் முடிவு செய்த வாழ்க்கை அது. தனக்குப் பிடித்ததைத் தன் நேரத்தில் பார்ப்பது அறுபது வயதுக்கு மேல்தான் அவளுக்கு வாய்த்தது.

ரிமோட்டில் நாற்பது பொத்தான்கள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அம்மா ஒரு காரியம் செய்தாள். கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, பதிவுப் பொத்தான் மேல் ஒட்டினாள். விரல் தடவினாலே தெரியும். விளக்கு இல்லாத நேரத்திலும் தவறாமல் அழுத்துவாள்.

2021 மே மாதம் கரிசல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் மறைந்தார். புதுச்சேரியிலிருந்து அவர் உடல் சொந்த ஊரான இடைசெவலுக்கு வந்தது. அரசு மரியாதையோடு இறுதி நிகழ்ச்சி நடந்தது. ஊரடங்குக் காலம், போக முடியவில்லை. அம்மா அவர் கதைகளைப் படித்தவள் இல்லை. ஆனால் அந்த வாரம் செய்தியில் அவருடைய பழைய பேச்சுகளைப் போடப்போட, "நம்ம பேசுற மாதிரியேல்ல பேசுறாரு" என்று சொல்லிப் பொட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கரிசல் சனங்களின் வாய்ப்பேச்சைக் கேட்டுக் கேட்டு, அகராதியாகவே தொகுத்து வைத்தவரின் குரல் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் சேர்ந்தது. மகள் பிரசவத்துக்காகப் பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த சித்திக்கு அதை இரண்டு தடவை போட்டுக் காட்டியிருக்கிறாள்.

போன வருஷம் பெட்டி பழுதானபோது அதெல்லாம் போயிற்று. வாடிக்கையாளர் எண்ணுக்கு நான் மூன்று நாள் பேசினேன். புதுப் பெட்டி மாற்றித் தருவோம், பழைய பதிவுகளை எடுத்துத் தர வழியில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். பதிவுகள் பூட்டுப்போட்டே சேமிக்கப்படுகின்றன. பதிந்த பெட்டியைத் தவிர வேறெதிலும் அவை திறக்காது. பல பெட்டிகளில் சந்தா நின்றாலே பதிவும் ஓடாது. நாம் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, நம் மின்சாரத்தில் ஓடிய பெட்டி. ஆனால் உள்ளே இருப்பது நம்முடையது இல்லை. விற்கும்போது இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். குலுக்கையில் தானியம் போட்டு வைக்கிறவர்களுக்கு, சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்று முதலிலேயே தெரிய வேண்டும்.

இந்தத் தடவை நான் ஊருக்குப் போனேன். இரண்டின் நல்லது கெட்டதையும் அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரிப்பேருன்னா யாரு வருவா?" என்றாள். டிஷ்ஷுக்குப் போன் செய்தால் கோவில்பட்டியிலிருந்து ஆள் வருவார், இரண்டு மூன்று நாளாகலாம் என்றேன். "கேபிளுக்கு?" கீழத்தெருத் தம்பி. அவளோடு ஒரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவளின் மகன். "அவன் சைக்கிள்ல போறப்பவே கூப்பிட்டுக்கிடலாம்" என்றாள். முடிந்தது.

எல்லோருக்கும் கேபிள்தான் சரி என்று சொல்ல மாட்டேன். ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்குள் ஒற்றை வீடாக இருப்பவர்களுக்கு ஒயர் வராது, டிஷ்தான் துணை. ஆனால் மாதக் கட்டணம் கட்டுகிறவர் இந்த முடிவை எடுக்கக் கூடாது. அந்தப் பெட்டியோடு நாளெல்லாம் இருப்பவர்தான் எடுக்க வேண்டும். சானல் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், அவர் எப்போது பார்க்கிறார், எந்தப் பொத்தானை அழுத்த முடிகிறது, பழுதானால் யாரைக் கூப்பிடுவார் என்று கேட்க வேண்டும்.

தம்பியிடம் பதிவு உள்ள பெட்டியாகக் கேட்டோம். பென் டிரைவ் செருகத் துளை இருந்தும் பதிவு செய்யாத பெட்டிகள் உண்டு. பென் டிரைவில் உள்ளதை ஓட்டிக் காட்ட மட்டுமே அந்தத் துளை. அதனால் எங்கள் முன்னால் பதிந்து, திரும்ப ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒரு மணி நேர நாடகத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜி.பி. இடம் பிடித்தது. பதியும்போது வேறு சானல் பார்க்க முடியாது என்பதையும், நடுவில் மின்சாரம் போனால் பதிவு அங்கேயே நின்றுவிடும் என்பதையும் அவனே சொல்லிவிட்டான். "இதுவும் வேற பெட்டியில போட்டா ஓடாது பெரியம்மா" என்றான். அம்மா தலையாட்டினாள்.

அவன் ஏணியை மடக்கிக்கொண்டு கிளம்பும்போது, அம்மா புது ரிமோட்டை அவனிடம் நீட்டி, "பதியிறது எதுய்யா?" என்றாள். அவன் விரல் வைத்துக் காட்டினான். அம்மா கண்ணாடியிலிருந்து ஒரு பொட்டை உரித்து, அந்த இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.