சமமான முனைகள், சமமில்லாத சிலிண்டர்கள்

செபராங் ஜெயாவில் கார் பட்டறைகளில் இன்ஜெக்டர் வேலை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, சோதனை மேடையில் மாட்டுவார்கள். நான்கு கண்ணாடிக் குழாயிலும் திரவம் ஒரே மட்டத்துக்கு ஏறினால் வேலை முடிந்தது. பாலத்துக்கு அப்பால், பாயான் லெப்பாஸில் சிறு விமானங்களின் பிஸ்டன் இன்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது.

காரில் கலவை கூடினாலும் குறைந்தாலும் ஆக்சிஜன் சென்சர் கண்டுபிடித்துவிடும், கணினி திருத்திவிடும். செஸ்னா 172எஸ் விமானத்தின் லைகமிங் ஐஓ-360 இன்ஜினில் இரண்டும் இல்லை. பங்கீட்டுப் பெட்டியிலிருந்து நான்கு மெல்லிய குழாய்கள் வழியே பெட்ரோல் ஓயாமல் பாய்கிறது. கலவையில் பெட்ரோலைக் குறைப்பது, அதாவது லீன் செய்வது, விமானி இழுக்கும் சிவப்புக் குமிழ் ஒன்றுதான். அது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்தே குறைக்கும்.

ஒவ்வொரு குழாயின் நுனியிலும் உள்ள முனை சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அந்தத் துளையில் கம்பி விடவே கூடாது. கீறல் விழுந்தால் பாய்ச்சல் மாறிவிடும். ஊறவைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும். பக்கத்திலுள்ள காற்றுத் துளையின் வலையையும் மறக்கக் கூடாது. திரும்ப மாட்டும்போது முனையில் பொறித்த ‘ஏ’ எழுத்து கீழே பார்க்க வேண்டும். அப்போதுதான் காற்றுத் துளை மேலே நிற்கும், இன்ஜினை நிறுத்திய பின் பெட்ரோல் அதன் வழியே கசியாது. இன்னொன்று: பழைய விமானங்களில் பெட்ரோல் ஓட்டத்தைக் காட்டும் முள் உண்மையில் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. முனை அடைத்தால் அழுத்தம் ஏறும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது முள் கூடுதலாகக் காட்டும்.

கழுவிய முனைகளைக் குழாயிலேயே மாட்டி, ஒவ்வொன்றையும் ஒரே அளவுக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, பம்ப்பை ஓடவிட்டுப் பார்ப்போம். வேலை பழக வரும் பையன்கள் கேட்பார்கள்: “அண்ணே, நாலு போத்தலும் சமமாத்தானே இருக்கு, பிறகு ஏன் லீன் பண்ணினா இன்ஜின் அதிருது?”

முனைகள் சமமாக இருப்பது வேறு, கலவை சமமாக இருப்பது வேறு என்பதே பதில். எல்லா சிலிண்டருக்கும் காற்று ஒரே அளவில் போவதில்லை. சில ஆறு சிலிண்டர் கான்டினென்டல் இன்ஜின்களில் ஒரு சிலிண்டரின் வாயிலில் விழும் பெட்ரோலில் கொஞ்சம் அடுத்ததற்குப் போய்விடுகிறது. ரிச்சாக, அதாவது பெட்ரோல் மிகுந்து ஓடும்போது இந்த வேறுபாடு தெரியாது. அங்கே கலவை சற்று மாறினாலும் சக்தி அவ்வளவாக மாறாது. லீன் பக்கம் போனால் பெட்ரோல் குறையக் குறைய சக்தியும் சரியும். சிலிண்டருக்கு ஒரு சக்தி என்றாகி, இன்ஜின் உதறும்.

ஆகவே சிலிண்டரையேதான் கேட்க வேண்டும். 65 சதவீத சக்திக்கு மேல் போகாமல், காற்று அமைதியான உயரத்தில் நிலையாகப் பறந்து, சிவப்புக் குமிழை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் புகை வெப்பமும் உச்சம் தொட்டு இறங்கும். உச்சம் எத்தனை டிகிரி என்பது முக்கியமல்ல. சென்சர் பொருத்திய இடத்தைப் பொறுத்து அது மாறும். உச்சம் தொட்டபோது ஓட்டம் எவ்வளவு என்பதைக் குறிக்க வேண்டும். முதலில் தொட்டது மிக லீன், கடைசியில் தொட்டது மிக ரிச். இரண்டுக்கும் இடையே மணிக்கு அரை கேலனுக்குள், அதாவது ஏறக்குறைய 1.9 லிட்டருக்குள் இருந்தால் நல்ல இன்ஜின்.

கூடினால் உடனே முனையை மாற்றாதீர்கள். கலவையை முழு ரிச்சில் விட்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்தும் பிறகு குறைத்தும் பாருங்கள். குறைக்கும்போது ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றோடு இறங்காமல் சூடாக நின்றால், உறிஞ்சு குழாயின் கேஸ்கெட்டில் கசிவு. பினாங்கு கடல் மட்டத்தில் முழு த்ராட்டிலில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை ஒட்டியே இருக்கும், கசிவு ஒளிந்துகொள்ளும்.

கசிவும் அடைப்பும் இல்லையென்றால்தான் வெவ்வேறு அளவு முனைகள். ஓக்லஹோமாவின் ஏடா ஊரில் ஜார்ஜ் பிரேலியும் டிம் ரோலும் 1990களில் தொடங்கிய கேமி நிறுவனம் இப்படிச் சிலிண்டருக்கேற்ற முனைகளை அங்கீகாரத்தோடு தருகிறது. துளையைத் தானே பெரிதாக்குவது இந்தத் தொழிலில் இல்லை. ஒன்றை மாற்று, பற, அள, பதிவேட்டில் எழுது, பிறகுதான் அடுத்தது. எண்கள் நெருங்கிய இன்ஜினில் விமானி பயமில்லாமல் லீன் செய்வார். பெட்ரோல் மிச்சமாகும், ஸ்பார்க் பிளக்கில் ஈயம் படிவதும் குறையும். அதற்காக இத்தனை பொறுமையும் தகும்.