ஆச்சு

1998இல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போனபோது எனக்கு வயது 17. தங்கிய வீட்டில் என் வயதுப் பையன் ஒருவன். அவன் பேச்சைக் கேட்டுத்தான் மொழி பழகினேன். ஒருநாள் சாப்பிடும்போது, சந்தையில் இருந்தேன் என்று சொல்ல ‘பிவெம்’ என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டம்மா மட்டும் கரண்டியை வைத்துவிட்டுத் திருத்தினார்: “பிவாம்.” அந்த மொழியில் ‘இருந்தேன்’ ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு. அதுவரை ஆணாகவே பேசியிருக்கிறேன்.

வேலைக்குப் போய்வந்து சமைப்பதும் அவர்தான். ஆனால் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார்.

தமிழில் தன்மை வினைமுற்றுக்குப் பால் கிடையாது. அந்தப் பெருமையோடு ஊர் திரும்பினேன். முதல் இரவு எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின், “நீ சாப்பிட்டியாம்மா?” என்றேன்.

“ஆச்சு.”

பானையில் ஒரு பருக்கை இல்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட சொல்தான். அன்றுதான் உறைத்தது: அதில் ஆண், பெண் மட்டுமல்ல, ‘நான்’ என்பதே இல்லை.

இப்போது வகுப்பில் வினைமுற்று நடத்தும்போதெல்லாம் மாணவிகளிடம் கேட்கிறேன்: உங்கள் வீட்டில் ‘சாப்பிட்டேன்’ என்று சொல்லும் பெண் யார்?