காந்திகிராமத்தில் என் பெண்

திண்டுக்கல்லில் பஸ் ஏறி மதுரை ரோட்டில் அரைமணி போனால் காந்திகிராமம். ஒரு பக்கம் சிறுமலை. பக்கத்திலேயே சுங்குடிக்குப் பேர்போன சின்னாளபட்டி. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய இடம். 1956-ல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

இங்கேதான் என் பெண்ணை ஹாஸ்டலில் சேர்த்தோம். முதல் வாரம் முழுக்க ராத்திரியானால் போனில் அழுகை. "சாப்பாடு இறங்கலைம்மா, யாரையும் தெரியலை." "கூட்டிட்டு வந்துடு" என்றார் மாமியார். "ஒரு மாசம் பொறு" என்றார் இவர். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகவே பட்டது!

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை முறுக்கும் பருப்புப்பொடியுமாகப் போய் இறங்கினேன். அறைத்தோழி ராமநாதபுரம் பக்கம். தகப்பனார் இல்லை, அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். நடுவில் இவளுக்குக் காய்ச்சல் வந்ததாம். கஞ்சி வாங்கி வந்து, ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அவள்தான். "சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லலை அத்தை" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது இவள் அவளுக்கு இங்கிலீஷ் பாடம் சொல்லித் தருகிறாள். அவள் இவளுக்குத் துணி துவைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். (வீட்டில் கைக்குட்டைகூட அலசாத பெண்!) ஹாஸ்டலுக்குப் பலகாரம் கட்டும் சகோதரிகளே, இரண்டு பங்காகக் கட்டுங்கள். என் முறுக்கு அன்று மாலையே காலி.

சின்னாளபட்டிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு சுங்குடி எடுத்தேன். இரண்டு பேருக்கும் அதே அரக்குக் கலர்தான் வேண்டுமாம்!