வைப்பாறு போய்ச் சேருமிடம்

ஜப்பானின் ஒகசவராத் தீவுகளைப் பற்றிப் படித்த மாலையில்தான் இந்தப் பயணத்தின் எண்ணம் எங்களுக்குள் விழுந்தது. தோக்கியோவுக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தெற்கே; விமான நிலையம் இல்லை; கப்பலில் முழுதாய் ஒரு நாள். எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராத நிலம் என்பதால், தனித்தே உருவான நத்தைகளும் செடிகளும் அங்கு உண்டு. 2011இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளரிப்பிஞ்சும் சேவும் பேனா நிப்புமாய் வளர்ந்த சாத்தூர்க்காரர்களான நாங்கள் பெருமூச்சு விட்டோம். அப்போது எங்களில் ஒருவர் கேட்டார்: "நம் ஆறு கடலில் விழுமிடத்தை யாராவது பார்த்திருக்கிறோமா?"

பார்த்ததில்லை. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியோடு கூடுவதோடு எங்கள் பூகோளம் முடிந்துவிடும்.

விளாத்திகுளம் தாண்டி, ஆற்றின் பெயரையே கொண்ட அந்தக் கடலோர ஊருக்கு மறு ஞாயிறே போனோம். வழியெல்லாம் ஆற்றில் நீரைவிடச் சீமைக்கருவேலமே அதிகம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம் தீவுகளைக் கேட்டோம்.

"அந்தா தெரியுதுல்லா, அது காரியாச்சல்லி. அதுக்கு அங்கிட்டு விலாங்குச்சல்லின்னு ஒண்ணு இருந்துச்சு அண்ணாச்சி. இப்பம் தண்ணிதான்."

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம். விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிப்போயின. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001இல்தான் வந்தது. அதற்குள் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளை வண்டி வண்டியாய் வெட்டியெடுத்துவிட்டார்கள். அலையைத் தடுக்கும் வேலி போன பின் மணல்திட்டு எத்தனை நாள் நிற்கும்? தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான்தீவைக் காக்கக் கான்கிரீட் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். காரியாச்சல்லியும் பெரும்பகுதியை இழந்துவிட்டது.

இறங்க அனுமதி இல்லை, நாங்களும் கேட்கவில்லை. (ஒகசவராவுக்குப் போவதானால் கடவுச்சீட்டு வேண்டும், இங்கே அதுவும் செல்லாது என்று ஒருவர் சிரித்தார்.) சீட்டு இல்லாமல் போகிற உரிமை ஆற்று நீருக்கு மட்டும் இருந்தது. அதையும் அணையும் மணல் லாரிகளுமாய் நாம்தாம் பறித்துக்கொண்டோம் போலும்.

திரும்புகையில் முதியவரிடம் கேட்டோம், வெட்டிய கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று.

"சூளைக்குத்தான். சுண்ணாம்பாக்கி உங்க பக்கத்து ஊருக்கெல்லாம் போச்சு."

பேருந்தில் யாரும் பேசவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பாட்டி வீட்டுச் சுவரில் வெள்ளையடித்த நினைவு எங்கள் எல்லோருக்குமே இருந்தது.