அடுக்களை வெளிச்சம்

எங்கள் அப்பா காலமான அன்று, சுவரில் மாட்டுவதற்கு ஒரு போட்டோ வேண்டும் என்று வீடு முழுவதும் தேடினோம். பீரோ, டிரங்குப் பெட்டி, கல்யாண ஆல்பங்கள் எல்லாவற்றையும் குடைந்தாயிற்று. அப்பா விழுந்திருந்த படங்கள் இல்லாமல் இல்லை. ஒன்றில் கண்ணை மூடியிருந்தார். இன்னொன்றில், பந்தியில் வாய் நிறையச் சோற்றுடன் திடுக்கிட்டுப் பார்த்தார். கடைசியில் அடையாள அட்டைக்காக எடுத்த தபால்தலை அளவுப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவானவர் பிடிபட்டது போல அதில் விழிக்கிறார். ஆயுளில் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத மனுஷர்!

அம்மாவுக்கும் அதே கதி வரக்கூடாது என்றுதான் நான் காமிரா வாங்கினேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமா அது?

வாங்கிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. அம்மா அம்மாவாக இருப்பது பகலில் அல்ல. பகலெல்லாம் அவள் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். பால்காரருக்கு, பக்கத்து வீட்டுக்கு, எனக்கு. விளக்கு வைத்த பிறகு, அடுக்களையில் சுவரோரமாகப் பலகையைப் போட்டு உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்து மறுநாள் உளுந்துக்குக் கல் பொறுக்குவாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சாந்தம் வரும். பழைய ஞாபகம் ஏதோ ஓடுகிறது என்று தெரியும். எனக்கு வேண்டியது அந்த முகம். ஆனால் அந்த அடுக்களையில் இருப்பது ஒரே ஒரு பல்பு.

முதல் நாள் ஃப்ளாஷ் போட்டு எடுத்தேன். அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏய்யா, மின்னலு வெட்டுன மாதிரில்லா இருக்கு. கண்ணு கூசுது. அத அடிக்காத."

படத்தைப் பார்த்தேன். அப்பாவின் அடையாள அட்டைக்கு ஜோடி சேர்க்கலாம் போலிருந்தது.

ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுத்தால், அம்மாவின் இடத்தில் ஒரு வெள்ளைப் புகை உட்கார்ந்திருந்தது. கைபேசியிலும் முயன்றேன். அது இருட்டில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தரும் சாமர்த்தியசாலி. ஆனால் இரவைப் பகலாக்கிவிட்டது; அசைந்த விரல்களை மெழுகாக்கிவிட்டது.

கல்லூரியில் நான் பௌதிகம் படித்தது கொஞ்ச காலம்தான். அதில் பாதி நேரம் கடைசி பெஞ்சில் கதை எழுதினேன். அன்று கவனிக்காததற்கு இன்று அபராதம் கட்ட வேண்டியதாயிற்று. லென்ஸின் நெற்றியில் 3.5, 5.6 என்று எழுதியிருக்கிறதே, அது வெளிச்சம் நுழையும் வாசலின் கணக்கு. லென்ஸின் குவிய தூரத்தை வாசலின் விட்டத்தால் வகுத்தால் வருவது அந்த எண். ஆகவே எண் சிறியதானால் வாசல் பெரிது. காமிராவோடு சேர்த்துக் கொடுத்த ஜூம் லென்ஸை 35 மில்லிமீட்டரில் வைத்தால் அதன் எண் 4.5. வாசல் 8 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதே 35-இல் 1.8 எண்ணுள்ள லென்ஸ் கிடைத்தால் வாசல் 19 மில்லிமீட்டருக்கு மேல். பரப்பில் பார்த்தால் 6 மடங்கு. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டிய காமிரா, அறுபதில் ஒரு பங்கு திறந்தால் போதும். கல் பொறுக்கும் கை அவ்வளவு நேரம் காமிராவுக்காகப் பொறுக்கும்.

"கை நடுங்காமல் இருக்க லென்ஸிலேயே ஏற்பாடு உண்டே?" என்று கேட்பீர்கள். உண்டு. அது என் கை நடுக்கத்தைத்தான் சரி செய்யும். அம்மாவின் கையை அது என்ன செய்ய முடியும்? உணர்வு வேகத்தை, ஐ.எஸ்.ஓ. என்கிறார்களே அதை, ஏற்றலாம். ஏற்ற ஏற்ற முகத்தில் ரவை தூவினாற்போல் புள்ளிகள் வரும். அதற்கும் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பட்டணத்துக் கடையில் இருந்த தம்பி என்னை யோசிக்க விடவில்லை. "50 மில்லிமீட்டர், 1.8. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார். முதல் லென்ஸா எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்றான். விலையும் குறைவு. அவன் சொன்னதில் பொய் இல்லை. இந்த ஜாதி லென்ஸின் மூல அமைப்பு, ஜெர்மனியில் பால் ருடால்ஃப் 1896-இல் வகுத்த பிளானர். நூறு வருஷத்துக்கு மேல் தேய்த்துத் தேய்த்துச் சுலபமாகிவிட்ட வித்தை, அதனால்தான் மலிவு. பணத்தை எடுக்கப் போனவன், ஏதோ தோன்றி, "நாளைக்கு வருகிறேன்" என்று திரும்பிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கடையை மூடிவிட்டுப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருகிறார். அவரிடம் போனேன்.

"உங்க அடுக்களை நீளம் எத்தனை அடி?" என்றார்.

லென்ஸைப் பற்றிக் கேட்டால் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர் போலக் கேட்கிறாரே என்று நினைத்தேன். "எட்டு அடி இருக்கும் அண்ணாச்சி."

"அவங்க ஒரு சுவரு, நீங்க எதிர்ச் சுவரு. ஒடம்பும் காமிராவும் போக ஊடால அஞ்சடி மிஞ்சும். ஜூம்ல ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, மூணு நாளு அம்பதுலயே வச்சு எடுங்க. அப்புறம் மூணு நாளு முப்பத்தஞ்சு. படம் ஆடினா ஆடட்டும். சட்டத்துக்குள்ள என்ன விழுதுன்னு மட்டும் பாருங்க. பொறவு கடைக்குப் போங்க."

அப்படியே செய்தேன். என்னுடையது போன்ற காமிராக்களில் படம் பதியும் சில்லு, பழைய ஃபிலிமைவிடச் சிறியது. அதனால் 50 என்பது அங்கே 75 போலக் கிட்டத்தில் இழுத்துவிடும். ஐந்தடியில், காமிராவை நிமிர்த்திப் பிடித்தாலும், இரண்டே கால் அடிதான் விழுந்தது. அம்மாவின் முகம் இருந்தது, சுளகு போய்விட்டது. விரல்கள் போய்விட்டன. பின்னால் நகரலாமென்றால் முதுகில் சுவர். 35-இல் மூன்றேகால் அடி. முகம், சுளகு, உளுந்து, பொறுக்கிய கல்லைப் போடும் சிரட்டை எல்லாம் ஆஜர். எல்லாரும் வாங்கும் லென்ஸ் நல்ல லென்ஸ்தான். எங்கள் அடுக்களைதான் அதற்குப் போதவில்லை.

அண்ணாச்சி இன்னொரு யோசனையும் சொன்னார், காசில்லாமல். பல்பிலிருந்து நாலடியில் இருப்பவரை இரண்டடிக்கு நகர்த்தினால், வெளிச்சம் நாலு மடங்காகிவிடுமாம். அம்மாவிடம் பலகையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன். "நாப்பது வருசமா உக்காருற எடம்" என்றாள். அந்த யோசனை அதோடு முடிந்தது.

இந்த ஆசை என்னோடு பிறந்ததல்ல. 1924-இல் ஜெர்மனியில் எர்மனாக்ஸ் என்று ஒரு சிறிய காமிரா வந்தது. அதன் லென்ஸ் எண் 2. எரிக் ஸாலமன் என்பவர் அதை வைத்துக்கொண்டு, மக்னீஷியப் பொடி கொளுத்தாமல், மந்திரிமார்களின் மகாநாட்டு அறைகளில் புகுந்தார். 1930-இல் ஹேக் நகரத்தில் அவர் எடுத்த படத்தில், நள்ளிரவுப் பேச்சுவார்த்தையில் களைத்துப்போன மந்திரிகள் நாற்காலிகளில் சாய்ந்து கிடக்கிறார்கள். உலகத்தை ஆண்டவர்கள் தாத்தாக்கள் போலத் தெரிகிறார்கள். இத்தனை முகங்களைக் காப்பாற்றிக் கொடுத்த ஸாலமன் யூதர். 1944-இல் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றுவிட்டார்கள்.

பிறகு 1975-இல் வெளியான 'பாரி லிண்டன்' படத்துக்காக, ஸ்டான்லி குப்ரிக், நாஸாவுக்கென்று ஸைஸ் கம்பெனி செய்த 0.7 எண் லென்ஸைத் தேடிப் பிடித்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். ஆனால் அத்தனை பெரிய வாசலுக்கு ஒரு தண்டனை உண்டு. தெளிவு மிக மெல்லிசாகிவிடும். நடிகர்கள் முன்னே பின்னே அசையாமல் இருக்க வேண்டியிருந்தது.

என் 1.8-க்கும் சிறு அளவில் அதே தண்டனைதான். ஐந்தடியில் அரையடிக்கும் குறைவாகவே தெளிவு நிற்கும். முகத்தைப் பிடித்தால் சுளகு கரைகிறது. விரலைப் பிடித்தால் முகம் கரைகிறது. கதாசிரியனுக்கு இது புதிதல்ல. ஒரு சமயத்தில் ஒருவருடைய மனசுக்குள்தான் போக முடியும். நான் அம்மாவின் கிட்டத்துக் கண்ணைப் பிடித்தேன். சுளகு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

புது லென்ஸை மாட்டி ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் அம்மா நான் இருப்பதை மறந்துவிட்டாள். ஒரு படம் விழுந்தது.

அச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சேலை நைந்திருக்கிறதே என்று குறைப்பட்டாள். பிறகு படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க அப்பா இருக்கையிலயே இத வாங்கியிருக்கலாம்லா?"

நான் ஏன் வாங்கினேன் என்பதை அவள் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கிறாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இரவு காமிராவோடு போனேன். அம்மா நல்ல சேலை உடுத்தி, தலை வாரி, பட்டாசலிலிருந்து மேஜை விளக்கையும் கொண்டுவந்து எரியவிட்டு உட்கார்ந்திருந்தாள். "வெளிச்சம் போதுமாய்யா?" என்றாள். "போதும்மா" என்று சொல்லி விளக்கை அணைத்தேன். இப்போதும் தினம் அவள் ஏற்றுகிறாள். நான் போய் அணைக்கிறேன்.