கெடுத்துப் பார்க்கும் உரிமை

நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு பேட்டரி செல், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர் கொடுத்து, எரியவையுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் முதலில் செல்லின் மூக்கில் ஒயரை வைத்து, அதன் மறுமுனையைப் பல்பின் அடியில் தொட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். எரியாது. திருப்பி வைப்பார்கள், ஊதுவார்கள், செல் தீர்ந்துவிட்டது என்று சண்டை போடுவார்கள். பல்பின் அடிப்புள்ளி செல்லின் மூக்கில் உட்கார்ந்து, ஒயரின் ஒரு முனை செல்லின் அடியையும் மறுமுனை பல்பின் பக்கவாட்டு உலோகத்தையும் தொட்டால்தான் வட்டம் மூடும். அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகலாம். பாடமே அந்த இருபது நிமிடம்தான்.

எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளோடு பக்கத்துக் கிராமத் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு வருடங்களாகப் போகிறேன். அங்கே நான் கவனித்தது பல்பை அல்ல, கைகளை. நால்வர் குழுவில் செல்லும் ஒயரும் பையன்களின் கைக்குப் போய்விடும். ஒரு பெண் நோட்டைப் பிடித்திருப்பாள், கையெழுத்து அழகாக இருக்கிறதாம். இன்னொருத்தி காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. ஒன்பது வயதிற்குள் தெரிந்துவிடுகிறது.

கைத்திறன் இல்லாமல் இல்லை. வாழைநாரில் முல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுப்பாள் அந்தப் பெண். தங்கைக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். ஆனால் இவையெல்லாம் முடிவு முன்பே தெரிந்த வேலைகள். சோறு குழைந்தால் திட்டு, சடை கோணலானால் திட்டு. பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்ட பையனை ‘விஞ்ஞானி’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிற வீடு, மிக்ஸியின் அடிமூடியைக் கழற்றிய பெண்ணிடம் கை சும்மா இருக்காதா என்றுதான் கேட்கும். வேலை செய்யக் கை உண்டு, கெடுத்துப் பார்க்கக் கை கிடையாது. தொல்காப்பியம் அறிவுகளை வரிசைப்படுத்தும்போது தொட்டறிவதைத்தான் முதலாவதாக வைக்கிறது. நம் பெண்களோ தொடாதே என்ற சொல்லைக் கேட்டே வளர்கிறார்கள். வயதுக்கு வந்த பிறகு அது ஊறுகாய் ஜாடிவரை நீள்கிறது.

செய்து பார்த்துக் கற்பது புதிய சங்கதி அல்ல. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது அப்படியொரு முயற்சி. பொறியாளரான அரவிந்த் குப்தா அங்கே போய், சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவங்கள் செய்யக் கற்றுத்தந்தார். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. பாலமும் கூரையும் ஏன் முக்கோணமாகப் பிணைக்கப்படுகின்றன என்பது விரலுக்குப் புரிந்துவிடும். நம் ஊரில் 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த ஆயிரத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

ஒருநாள் மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் தொட்டுக் கோலம் வரைந்தோம். கோடுகள் சிவந்தன. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மறுபடி மஞ்சளானது. பேத்தியை அழைத்துப் போக வந்த ஆயா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்ளோ கூத்து? ஆலம் கரைக்கறப்ப மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்கல?” என்றார். “அது ஏன் ஆயா செவக்குது?” என்றாள் பேத்தி. “ஏன்னு கேட்டுகினு நின்னா கல்யாண வூட்டுல வேல ஆவுமாடி.” கணவர் இறந்த பிறகு ஆலத் தட்டை அவர் கையில் யாரும் கொடுப்பதில்லை, கரைத்து மட்டும் தரச் சொல்கிறார்கள். இது என் மாணவி பிறகு சொன்னது.

அன்று பேத்தி விடவில்லை. சாம்பல் கரைத்த நீர், உப்பு நீர், புளித்தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் நீர் சிவக்கவைத்தது, மற்ற இரண்டும் ஒன்றும் செய்யவில்லை. காரமும் அமிலமும் என்ற சொற்கள் அவளுக்கு அதற்குப் பிறகுதான் வந்தன. அந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன்.

இப்போது ஆளுக்கொரு செல், ஆளுக்கொரு பல்பு. நோட்டு முறைவைத்துச் சுற்றுகிறது, துடைப்பமும் அப்படியே. வீட்டு மின்சாரத்தில் கைவைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கண்டிப்பான விதி.

சென்ற மாதம், வீட்டில் ஒரு வேலையைச் சுலபமாக்க ஏதாவது செய்துவாருங்கள் என்றோம். ஆயாவின் பேத்தி குடத்துக்கு வண்டி செய்திருந்தாள். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன், சைக்கிள் கம்பி அச்சு, பழைய ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய சக்கரங்கள். இவளுடைய கற்பனையும் தண்ணீர்தான் சுமக்க வேண்டுமா என்று எனக்குச் சுருக்கென்றது. எதற்கு இந்த வண்டி என்று கேட்டேன்.

“குடம் இடுப்புல நிக்காதுன்னு தம்பி போவமாட்டான் மிஸ். இதுல இழுத்துட்டு வரலாம், இனிமே அவனே போவட்டும்.”

தெருவில் இழுத்துப் பார்த்தோம். ஒரு சக்கரம் கழன்று சாக்கடையோரம் உருண்டது. அச்சில் துளை பெரிதாகிவிட்டதாம். அடுத்த வாரம் எல்லோரையும் பழைய செருப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள், என்னையும் சேர்த்து.